சாவியை எடுத்த பிறகும் எரிந்த விளக்கு

அரியலூர், லாரி யார்டு
6.10.2025, திங்கள்

வேணிக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். வண்டி படுத்துவிட்டது. இன்று நான் வீட்டுக்கு வரமாட்டேன். நாளையும் சந்தேகம்தான்.

ஒரு போன் போட்டால் என்ன என்று கத்துவாய். சுரங்கத்துக்குள் போகிற வண்டி என்பதால் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது உனக்குத் தெரியும். டியூட்டி முடிந்து வெளியே போகும்போதுதான் தருவார்கள். எனக்கு டியூட்டி முடியவே இல்லை. அசோக் அண்ணன் பாடாலூருக்குப் போகிற வழியில் பெரம்பலூரில் இறங்கி இந்தக் கடிதத்தை உன் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். வாயால் சொல்லி அனுப்பக்கூடிய விஷயமாக இருந்தால் அப்படியே அனுப்பியிருப்பேன். இது அப்படிப்பட்டது இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை நிறுத்தியது, என்னோடு மாற்றி மாற்றி இதை ஓட்டுகிற அசோக் அண்ணன். சனி, ஞாயிறு கல் உடைக்கிற மிஷின் ரிப்பேர் என்று லோடு கிடையாது. இன்று காலை ஆறு மணிக்கு நான் வந்தேன். எப்போதும் போல முதலில் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வண்டியை ஏற்றுக்கொண்டேன். அப்புறம்தான் சாவியைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. டேஷ்போர்டில் ஒரு எழுத்துக்கூட வரவில்லை. எல்லா டிரைவரும் அப்படித்தான் செய்கிறோம், கையெழுத்து முதலில், சாவி அப்புறம். எந்த மடையன் இதைப் பழக்கினானோ தெரியவில்லை. இப்போது வண்டி என் பெயரில் நிற்கிறது. சரியாகி நான் திரும்ப ஒப்படைக்கிற வரைக்கும் யார்டை விட்டு நகரக் கூடாது என்று சூப்பர்வைசர் முத்துவேல் சொல்லிவிட்டார்.

இது டீசல், கரண்ட் இரண்டிலும் ஓடுகிற ஹைபிரிட் வண்டி. சேஸிஸில் பீரோ மாதிரி ஒரு பெரிய பேட்டரி இருக்கிறது. அதில் எண்பது சதம் இருக்கிறது. ஆனால் அதைத் தட்டி எழுப்பி வேலைக்குக் கூப்பிடுவது ஸ்டார்ட்டர் பேட்டரி, சீட்டுக்கு அடியில் இருக்கிற சின்னது. அது காலி. அது காலியானால் கம்ப்யூட்டர் விழிக்காது, கம்ப்யூட்டர் விழிக்காவிட்டால் பெரியதும் எழாது, இன்ஜினும் சுற்றாது. கியர் நகரவில்லை. பிரேக் பூட்டிக்கொண்டு கிடக்கிறது, தள்ளவும் முடியாது. கண்ணாடிகூட பட்டனில்தான் இறங்கும், அதனால் அதுவும் ஏறியபடியே நிற்கிறது. கதவைத் திறந்தால் சுண்ணாம்புத் தூசி, மூடினால் வேக்காடு.

பக்கத்து வண்டிக்காரர் கேபிள் கொண்டுவந்தார், நம்ம பழைய லாரிக்குக் கொடுப்பது போல ஒரு ஜம்ப் கொடுத்துப் பார்க்கலாம் என்று. முத்துவேல் ஓடிவந்து, "யோவ், கைய வைக்காத, உள்ளாற நானூறு வோல்ட்டு இருக்கு, கம்பெனி இன்ஜினியர் வந்துதான் தொடணும்"னு கத்தி, வண்டியைச் சுற்றி மஞ்சள் டேப் கட்டிவிட்டார். டேப்புக்கு உள்ளே நான்.

வேணி, இதை யாரிடமும் சொல்லாதே. ஆயுத பூஜைக்கு நீ செய்து கொடுத்தாயே, சிறுவாச்சூர் அம்மன் படத்துக்குச் சீரியல் விளக்கு, அது எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. தலைக்கு மேல் இருக்கிற சாமான் பெட்டிக்குள் மாட்டியிருந்ததால் அசோக் அண்ணன்கூட அதைப் பார்த்ததில்லை. காலையில் பார்த்தபோது அதுவும் செத்துக் கிடந்தது. எனக்குப் பொட்டில் அடித்தது போல இருந்தது. யாரும் வருவதற்குள் பிய்த்து எடுத்துப் படுக்கைச் சுருட்டுக்குள் வைத்துவிட்டேன்.

நாளைக்குக் கொஞ்சம் தயிர் சாதம் அனுப்பு. கேன்டீன் சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை.

பூவரசன்

பெரம்பலூர்
7.10.2025, செவ்வாய்

மாமாவுக்கு,

தயிர் சாதம் கேரியரில் இருக்கிறது. மேல் தட்டில் நார்த்தங்காய். கீழ்த்தட்டில் என் கோபம்.

படித்ததும் நான் முதலில் செய்த காரியம் கணக்குப் போட்டதுதான். பேட்டரிக் கடைக்காரர் ராசாங்கத்தின் மகளுக்கு வேறு என்ன தெரியும்? அந்த விளக்கு மணிக்கு அரை ஆம்பியர் இழுக்கும். வெள்ளி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலைவரை அறுபது மணி நேரம். முப்பது ஆம்பியர் ஆயிற்று. உங்கள் சின்ன பேட்டரி மொத்தமே முப்பத்தைந்து. தீர்ந்தது கதை.

ஒயரைச் சாவி லைனில் கொடுக்காமல் நேரே பேட்டரியில் கொடுங்கள் என்று சொன்னது நான்தான். சாவியை எடுத்த பிறகும் அம்மன் இருட்டில் இருக்க வேண்டாம் என்று சொன்னேன். பழைய செங்கல் லாரியில் ஆறு வருஷம் அப்படித்தான் எரிந்தது, ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. அதில் இருந்தவை ஆளுக்கு ஒன்று தூக்க வேண்டிய இரண்டு பெரிய பேட்டரிகள். புது வண்டியில் பெரிய பேட்டரி பீரோ அளவு இருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள், அப்படியென்றால் இன்னும் நல்லது என்று நினைத்துவிட்டேன். சின்னது எவ்வளவு சின்னது என்று கேட்கத் தோன்றவில்லை. பேட்டரிக் கடையில் உட்கார்ந்துகொண்டு இந்தப் புத்தி எனக்கு. நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சரி, தப்பு நம் இரண்டு பேருடையது. ஆனால் விளக்கை ஒளித்து வைத்தீர்களே, அது உங்களுடையது மட்டும். ஏன் மாமா? விளக்கு மாட்டினது தப்புன்னு தெரியாது சார் என்று சொன்னால் என்ன, தூக்கிலா போடுவார்கள்? இன்ஜினியர் வருவதற்கு முன்னால் நீங்களே போய் முத்துவேலிடம் சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் அது திருட்டுக் கணக்கில் சேரும்.

அதே அளவு பேட்டரி நம் கடை அலமாரியில் ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் பஸ்ஸில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போய்விடுவேன். உள்ளே விடமாட்டார்கள் என்று அசோக் அண்ணன் சொல்கிறார்.

வேணி

அரியலூர்
9.10.2025, வியாழன்

வேணிக்கு,

நேற்று இன்ஜினியர் மணிவண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். நானூறு வோல்ட் ஓடுகிற ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் போகாமல், கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு, சின்ன பேட்டரிக்குத் தனியாக சார்ஜ் போட்டார். வண்டி விழித்துக்கொண்டது. எனக்கு உயிர் வந்தது. அரை மணி நேரம்தான். சார்ஜரை எடுத்ததும் மறுபடி படுத்துவிட்டது. அடிமட்டம் வரைக்கும் இறங்கிய பேட்டரி இனிமேல் தாங்காது, புதுசு பூனாவிலிருந்து வர வேண்டும், வேறு எதையும் மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆக, உன் அலமாரிப் பேட்டரி அங்கேயே இருக்கட்டும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. லேப்டாப்பில் பார்த்துவிட்டு, "சாவி எடுத்ததுக்கு அப்புறமும் கரண்டு போயிருக்கு. யாரு என்ன மாட்டுனீங்க?"ன்னு கேட்டார். வெளிச் சாமான் மாட்டினால் வேலை கிடையாது என்பது சேரும்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. நான் அப்போது அதைப் படித்தேனா என்ன?

நான் சொல்லத்தான் நினைத்தேன். நிஜமாக. வாயைத் திறந்தேன். அதற்குள் உன் கேரியரோடு வந்து நின்ற அசோக் அண்ணன், "சார், அது நான்தான். வெள்ளிக்கெழம வண்டிய நிறுத்திட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்குன்னு சின்ன ஃபேனை சொருகிட்டு அரை மணி நேரம் படுத்தேன். எடுத்தேனா இல்லியான்னு ஞாபகம் இல்ல சார்"னு சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை வேணி. அவர்தான் காரணம் என்று அவரே நம்புகிறார். மணிவண்ணன் எழுதிக்கொண்டார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

நீ திட்டுவாய். திட்டு. ஆனால் என்னையும் கொஞ்சம் நினைத்துப் பார். மினி பஸ் வேலை போச்சு, செங்கல் லாரி வேலை போச்சு. எட்டு மாதம் உன் அப்பா கடையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் "என்ன மாப்ள, மாமனாருக்கு ஒத்தாசையா?" என்று கேட்பான். மறுபடி அந்த ஸ்டூலில் என்னால் உட்கார முடியாது. அசோக் அண்ணன் இருபது வருஷ ஆள், பெரிய ஆபீசில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஒரு மெமோ கொடுத்து விட்டுவிடுவார்கள். என்னையென்றால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை விசாரணை.

கேரியரின் மேல் தட்டில் மிச்சக் குழம்பு வைத்து அனுப்புகிறேன். அடித்தட்டைத் தனியாக இருக்கும்போது திற.

பூவரசன்

பெரம்பலூர்
10.10.2025, வெள்ளி

மாமாவுக்கு,

திறந்தேன். அம்மன் விளக்கைப் பிய்த்த ஒயரோடு சுருட்டி, வாழையிலை போட்டு மூடி, யார் மேல் பழி விழுந்திருக்கிறதோ அவர் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்த மனுஷன் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார், குழம்பு சிந்தாமல் பார்த்துக்கிட்டேம்மா என்று என்னிடம் சொல்கிறார். உங்களுக்கு எப்படி மாமா மனசு வந்தது?

இந்த வேலைக்கு உங்களைச் சேர்த்துவிட்டது யார்? எட்டு மாதம் உட்கார்ந்திருந்தபோது கடைக்குத் தேடி வந்து, "பூவரசு, கெளம்பு, நான் சொல்லி வச்சிருக்கேன்" என்று கூட்டிக்கொண்டு போனது யார்? அவருக்கு மெமோ கொடுத்து விட்டுவிடுவார்கள் என்று நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டீர்கள். உங்களுக்கு அது சௌகரியமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னும் கேளுங்கள். இன்று காலை கேரியர் வாங்க வந்தவர் உடனே கிளம்பவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு நாளில் முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஏம்மா, நீ பேட்டரிக்குள்ளேயே பொறந்து வளந்தவ. ஒன்னுதான் கேக்கணும். அந்தச் சின்ன ஃபேன் ரெண்டு நாளு ஓடிக்கிட்டே கெடந்தா வண்டிப் பேட்டரி படுத்துருமா? சனிக்கெழம அந்த ஃபேன் எங்க வூட்ல இருந்த மாதிரியும் இருக்கு. புவனேஸ்வரி இருந்துச்சுங்கிறா. எனக்கு நெனப்பு வரல."

ஃபேன் அவர் வீட்டில் இருந்திருக்கிறது மாமா. அவர் மனைவி பார்த்திருக்கிறார். வண்டியில் ஓடியது வெறும் அரை மணி நேரம். அது ஒரு பேட்டரிக்குக் கொசுக்கடிகூட இல்லை. இல்லண்ணே, நீங்க இல்லண்ணே என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். ஆனால் எனக்குக் கல்லாவுக்குக் கீழே பையில் கிடந்த விளக்குதான் கண்ணுக்குத் தெரிந்தது. உங்களுடைய எட்டு மாதம் தெரிந்தது. "பேட்டரி வீக்கா இருந்தா அரை மணி நேரத்துக்கே படுத்துரும்ணே" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப நாந்தான்" என்றார். "ரொம்ப நல்லதும்மா. சந்தேகத்தோட கையெழுத்துப் போட வேண்டியிருக்குமோன்னு ரெண்டு நாளா தூக்கம் இல்ல" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னை. நான் பொய் சொன்னதற்கு.

அப்பா காலத்திலிருந்து இந்தக் கடைக்கு இருக்கிற பெயரே, ராசாங்கம் கடையில் நல்ல பேட்டரியைச் செத்துப்போச்சு என்று சொல்லி விற்கமாட்டார்கள் என்பதுதான். இன்று நான் அதைவிடக் கேவலமான காரியம் செய்தேன். நீங்கள் யார்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், நான் இங்கே கடைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறேன். வாசலில் யார் வந்தாலும் அவர்தானோ என்று எட்டிப் பார்க்கிறேன். சொல்லிவிடுங்கள் மாமா. கெஞ்சிக் கேட்கிறேன்.

வேணி

அரியலூர்
11.10.2025, சனி

வேணிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. விளக்கு யார் செய்தது? நேரே கொடு என்றது யார்? அசோக் அண்ணனிடம் பேட்டரி படுத்துவிடும் என்று சொன்னது யார்? எல்லாம் செய்துவிட்டு என்னை மட்டும் கழுவேற்றினால் எப்படி?

மன்னித்துக்கொள். எழுதியதை அடிக்க வேண்டாம் என்று அப்படியே விட்டுவிடுகிறேன். ஆறு நாளாக இந்தப் பெட்டிக்குள் இருக்கிறேன். குளிக்கப் போனால் செக்யூரிட்டி கூட வருகிறான். கதவு திறந்துதான் இருக்கிறது, இறங்கி நடந்தால் மெயின் ரோடு, பெரம்பலூர் பஸ் போகிற சத்தம்கூடக் கேட்கிறது. போக முடியவில்லை. நேற்று மழையில் கண்ணாடி எல்லாம் ஆவி பிடித்து, வெளியே ஒன்றும் தெரியாமல், மூச்சு முட்டுகிறது என்று கதவை உதைத்துத் திறந்துகொண்டு நின்றேன். ஏறியிருக்கிற கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்க முடிந்தால் போதும் என்று அழுகையே வந்துவிட்டது. சிரிக்காதே.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். மெமோ இல்லையாம். திங்கட்கிழமை பத்து மணிக்கு அசோக் அண்ணன் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டதும் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களாம். பேட்டரி வண்டியைக் கெடுத்தவர் என்று எழுதியும் கொடுப்பார்களாம். அந்தக் காகிதத்தோடு போனால் அரியலூர் முழுக்க எந்த டிரான்ஸ்போர்ட்டிலும் சேர்க்கமாட்டார்கள். முத்துவேல்தான் சொன்னார். அசோக் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயசு ஆகிறது.

நேற்று அவர் எனக்கு ஒரு பனையோலை விசிறி கொண்டுவந்து கொடுத்தார். "என்னால நீ வேகுற பூவரசு"ன்னு சொன்னார். நான் வாங்கிக்கொண்டேன் வேணி. வாங்கி விசிறிக்கொண்டும் இருக்கிறேன்.

இப்போது போய்ச் சொன்னால் விளக்கு மாட்டியது ஒரு குற்றம், ஒளித்தது ஒரு குற்றம், அவர் மேல் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது ஒரு குற்றம். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும். ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போகிறது. எப்படிச் சொல்வேன்? எந்த முகத்தோடு சொல்வேன்? ஒரு வருஷம் போகட்டும், நானே அவருக்கு எங்கேயாவது ஒரு வேலை பார்த்துக் கொடுக்கிறேன். சத்தியமாக. நீ மட்டும் வாயைத் திறக்காதே. அந்த விளக்கைக் கிணற்றில் போட்டுவிடு.

பூவரசன்

பெரம்பலூர்
12.10.2025, ஞாயிறு

மாமாவுக்கு,

கிணற்றில் போடவில்லை.

இன்று கடைக்கு லீவு. ஆனாலும் அசோக் அண்ணன் கேரியருக்கு வருவார் என்று திறந்து வைத்திருந்தேன். நீங்கள் சொல்வீர்கள் என்று ஐந்து நாள் பார்த்தேன். நேற்றைய கடிதத்தைப் படித்த பிறகு தெரிந்துவிட்டது, நீங்கள் சொல்லமாட்டீர்கள். கெட்டவர் என்பதால் இல்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று இருந்து இருந்து உங்களால் முடியாமலே போய்விட்டது. எனக்கும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது.

அவர் வந்ததும் உட்காருங்கண்ணே என்றேன். அலமாரியில் இருந்த பேட்டரியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவருடைய ஃபேனையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், பையில் வைத்திருந்தார். முதலில் ஃபேனை மாட்டி மீட்டரைக் காட்டினேன். "இது அரை மணி நேரம் ஓடுனா இந்தப் பேட்டரிக்கு ஒன்னுமே ஆகாதுண்ணே. வெள்ளிக்கெழம நான் சொன்னது பொய்யி" என்றேன். அப்புறம் கல்லாவுக்குக் கீழேயிருந்து விளக்கை எடுத்து மாட்டினேன். அம்மன் முகத்தைச் சுற்றி எரிந்தது. மீட்டரை அவரே பார்த்தார். அறுபது மணி நேரம் என்று சொன்னேன். மேலே நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, இருபது வருஷ டிரைவர் இல்லையா?

அழுதுவிட்டேன். நான் செஞ்ச விளக்கு, நான் சொன்ன பொய்யி, என்னை நாலு அறை அறைங்கண்ணே என்றேன். அவர் விளக்கையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, "கேரியர்ல வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குத்தான் மாமா அவர் முகம் உடைந்தது. வேலைக்கு இல்லை, கையெழுத்துக்கு இல்லை. குழம்பு சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்ததற்கு.

நாளைக்கு ஆபீசில் என்ன சொல்லப் போறீங்கண்ணே என்று கேட்டேன். "நான் எதையும் சொல்லப்போறதில்லம்மா. அவன்தான் சொல்லணும். அவன் சொல்லலன்னா நான் கையெழுத்துப் போட்டுட்டு வந்துர்றேன். காட்டிக்குடுத்து எனக்குப் பழக்கமில்ல" என்றார். நான் ஆபீசுக்கு வந்து சொல்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். இப்போது புரிகிறதா? எவரும் உங்களைப் பிடித்துக் கொடுக்கப் போவதில்லை. நீங்கள் தப்பித்துக்கொள்ள ஒரு தடையும் இல்லை. இதைவிடப் பெரிய பூட்டு உங்களுக்கு யாரும் போட முடியாது.

வேலை போனால் போகட்டும். ஸ்டூல் இருக்கிறது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றலாம். வருகிறவன் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எட்டு மாதம் ஆகட்டும், எட்டு வருஷம் ஆகட்டும், நான் ஒரு நாளும் முகம் சுளிக்கமாட்டேன். ஆனால் அந்தக் காகிதத்தை அவர் வாங்கிக்கொண்டு போக, நீங்கள் புது பேட்டரி போட்ட வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், உங்களுக்குச் சோறு போடுவேன், பக்கத்தில் உட்காரமாட்டேன்.

இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று இருந்தேன். அவர் கையை நீட்டி, "குடும்மா, நானே குடுத்துடுறேன்" என்றார். அதனால் அவர்தான் கொண்டுவருகிறார். நீங்கள் இதைப் படிக்கும்போது டேப்புக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். இறங்கி அவரிடம் சொல்லுங்கள்.

வேணி